மஞ்சள் கோடு போட்ட போல்ட்டுகள்

டாக்டரம்மா தன் காரை என் சகலையிடம் ஒப்படைத்த அன்று நான் யாரிடமும் கோபப்படவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எங்கள் மெக்கானிக் ஷெட்டில் வேறு மாதிரி பேசிக்கொள்கிறார்கள். ஒரு வேனின் கதவை இரண்டு தடவை ஓங்கிச் சாத்தினேன், அது உண்மை. அந்தக் கதவு ஓங்கிச் சாத்தினால்தான் மூடும்.

பன்னிரண்டு வருடம்! அந்தக் காரின் அடிவயிற்றைப் பன்னிரண்டு வருடம் பார்த்தவன் நான் ஒருவன்தான். இரண்டே பேர் உட்காரக்கூடிய, தரையோடு தரையாக ஓடுகிற, கரும்பச்சை நிறப் பழைய ஸ்போர்ட்ஸ் கார். டாக்டரம்மா அதைச் 'சிட்டு' என்றுதான் கூப்பிடுவார். கண் டாக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அறுபத்தெட்டு வயதில் தலைக்குத் துணி கட்டிக்கொண்டு, கூரையைச் சுருட்டிவிட்டு, அவரே ஓட்டிக்கொண்டு ஷெட்டுக்குள் நுழையும்போது எல்லோருடைய கையும் ஒரு நிமிடம் நிற்கும். இறங்கியதும் சுற்றிலும் பார்த்து, "மேஸ்திரி எங்க?" என்று கேட்பார். அந்தக் கேள்வியைக் கேட்க வேண்டும் என்பதற்காகவே நான் கொஞ்சம் தாமதமாகத்தான் வெளியே வருவேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், என் வேலையில் எனக்குப் பிடித்த நிமிடம் அதுதான்.

சகலை என்றால் என் மனைவியின் தங்கை கணவன். அவன் வேலை பார்த்த இடத்தை மூடிவிட்டார்கள் என்று வீட்டில் இரண்டு அக்கா தங்கையும் மூக்கைச் சிந்த, முதலாளியிடம் நான்தான் பேசினேன். "சுத்தமான வேலைக்காரன் சார், என் பொறுப்பு" என்று என் வாயால் சொன்னேன். என் தலையில் நானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டது எட்டு மாதத்துக்கு முன்னால்.

அவனிடம் ஒரு பெரிய குறை உண்டு, குறை சொல்ல எதுவும் கிடைக்காது. நேரத்துக்கு வருவான். ஸ்பேனரைத் துடைத்து வைப்பான். என்னை 'அண்ணே' என்று கூப்பிடும்போது அதில் ஒரு மரியாதை இருக்கும், அது இன்னும் எரிச்சல். எல்லாவற்றுக்கும் மேலாக, வண்டிக்காரர்களிடம் பேசுவான். போன மாதம் நான் ஒரு லாரிக்கு அடியில் மாட்டிக்கொண்டிருந்தபோது டாக்டரம்மா வந்தார். அவன் போய் பானெட்டைத் திறந்து, அவரையும் குனியச் சொல்லி, எது என்ன என்று விரலால் காட்டிக் காட்டி முக்கால் மணி நேரம் பேசியிருக்கிறான். டாக்டரம்மாவின் சிரிப்பு லாரிக்கு அடி வரைக்கும் கேட்டது. பன்னிரண்டு வருடத்தில் நான் அவரிடம் அதிகம் சொன்ன வாக்கியம், "நீங்க ஆபீஸ் ரூம்ல உக்காருங்கம்மா, நான் பாத்துக்கறேன்."

அதற்கடுத்த வாரம் முன் சஸ்பென்ஷன் வேலை வந்தது. முதலாளியின் அறையில் டாக்டரம்மா சொன்னதை என் இரண்டு காதாலும் கேட்டேன். "இந்தத் தடவை தம்பியே பாக்கட்டுமே. அவர் எனக்குப் புரியற மாதிரி சொல்றார்."

புரிகிற மாதிரியா! பன்னிரண்டு வருடம் வண்டி ஓடியதே, அது புரியவில்லையாமா?

முதலாளி என் முகத்தைப் பார்த்தார். "மேஸ்திரிக்கு ஒண்ணும் இல்லையே?"

"எனக்கென்ன சார்? வேலை குறைஞ்சா நல்லதுதான்" என்றேன். அதற்குப் பிறகுதான் அந்த வேன் கதவு.

சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்தபோதே என் மனைவி கேட்டாள். "என்னங்க, மூஞ்சியில எள்ளும் கொள்ளும் வெடிக்குது?"

"தலைவலி."

"தலைவலியா, வயித்தெரிச்சலா? தங்கச்சி போன் பண்ணினா. சிட்டு வண்டி வேலைய அவ வீட்டுக்காரருக்குக் குடுத்துட்டாங்களாமே."

"குடுத்தா குடுக்கட்டும். யார் வேணாம்னது?"

"அப்ப செருப்பை ஏன் அப்படித் தூக்கி எறிஞ்சீங்க? பாவம், அது என்ன பண்ணுச்சு?" என்று சிரித்துக்கொண்டே உள்ளே போய்விட்டாள். முப்பது வருடமாக என்னோடு குடித்தனம் பண்ணுகிறவளிடம் எதை மறைப்பது?

வேலை என்னவென்று சொல்லிவிடுகிறேன். முன் சக்கரத்தைத் தாங்குகிற இரும்புக் கைகள் வண்டியின் சட்டத்தோடு சேருகிற இடத்தில் ரப்பர் புஷ், அதாவது நடுவில் துளையுள்ள ரப்பர் உருளை, இருக்கும்; அதைத்தான் மாற்ற வேண்டும். நீளமான போல்ட் ஒன்று அதன் நடுவே போகும். போல்ட்டை இறுக்கினால் ரப்பரின் நடுப்பகுதி சட்டத்தோடு கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். சக்கரம் ஏறி இறங்கும்போது ரப்பர்தான் முறுக்கிக்கொண்டு வளைந்து கொடுக்கும். அதனால் போல்ட்டை எந்த நிலையில் இறுக்குகிறோம் என்பதில்தான் சூட்சுமமே இருக்கிறது. வண்டியைத் தூக்கி, சக்கரம் தொங்கிக்கொண்டிருக்கும்போது இறுக்கினால் போச்சு. கீழே இறக்கிய நொடியே ரப்பர் பிழிந்த துணி மாதிரி முறுக்கிக்கொண்டுவிடும். அந்தப் பக்கம் வண்டி தூக்கிக்கொண்டு நிற்கும், குழியில் விழுந்தால் முதுகெலும்பு வரைக்கும் வலிக்கும், ஆறே மாதத்தில் ரப்பர் கிழியும். வண்டி தன் சொந்தக் கனத்தோடு தரையில் நிற்கும்போதுதான் கடைசி இறுக்கு. இது தெரியாதவன் டயருக்குக் காற்றடிக்கக்கூட லாயக்கில்லை என்று எத்தனையோ பேரை நான் திட்டியிருக்கிறேன்.

எங்கள் ஷெட்டில் இன்னொரு வழக்கம். ஒரு போல்ட்டை அளவுப்படி இறுக்கி முடித்ததும் அதன் தலையிலிருந்து பக்கத்து இரும்பு வரை பெயின்ட்டால் ஒரு சின்னக் கோடு போடுவோம். போல்ட் நகர்ந்தால் கோடு உடைந்து காட்டிக்கொடுத்துவிடும். ஆளுக்கு ஒரு நிறம். என்னுடையது மஞ்சள், சகலையுடையது வெள்ளை. ஒருத்தர் கோடு போட்ட போல்ட்டை இன்னொருத்தர் தொடுவதில்லை. தொட்டால் பொறுப்பும் தொட்டவர் தலையில்தான், அதனால் தன் கோட்டைப் போட்டுவிட வேண்டும்.

சனிக்கிழமை காலை. சிட்டு லிஃப்டில் ஏறி நின்றது, முன் சக்கரங்கள் இரண்டும் தொங்கிக்கொண்டிருந்தன. சகலை அடியில் நின்று போல்ட்டுகளை முறுக்கிக்கொண்டிருந்தான். நான் பக்கத்து வண்டியில் பிரேக் வேலையாக இருந்தவன் ஓரக்கண்ணால் பார்த்தேன். தொங்குகிற சக்கரம்! கையில் ஸ்பேனர்! என் நெஞ்சுக்குள் ஜில்லென்று ஏதோ இறங்கியது. சந்தோஷம்தான், வேறென்ன? வாய் கிழியப் பேசினானே, இப்போது தெரியட்டும்.

அந்த நேரம் பார்த்து என் மனைவியைப் பல் டாக்டரிடம் கூட்டிப்போக வேண்டியிருந்தது. திரும்பி வரும்போது மணி மூன்றரை. சிட்டு தரையில், மூலையில் நிறுத்தப்பட்டிருந்தது. முன்னால் படுத்து டார்ச் அடித்துப் பார்த்தேன். எல்லாப் போல்ட்டுகளிலும் வெள்ளைக் கோடு. அப்படியானால் மேலே தொங்கும்போதே இறுக்கி, கோடும் போட்டு இறக்கிவிட்டான். சனிக்கிழமை அரை நாள் என்பதால் அவன் வீட்டுக்குப் போயிருந்தான். மற்றவர்களும் போய்விட்டார்கள். முதலாளி மட்டும் தன் அறையில் யாரிடமோ போனில் பேசிக்கொண்டிருந்தார்.

ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கலாம். "தம்பி, எப்படி இறுக்கின?" என்று நாலு வார்த்தை. அதற்கு எனக்கு மனசு வரவில்லை. கேட்டால் திருத்திக்கொள்வான். திருத்திக்கொண்டால் டாக்டரம்மாவுக்கு ஒன்றும் தெரியாமலே போய்விடும். எனக்கு வேண்டியது வேறு. அந்தப் போல்ட்டுகளில் என் மஞ்சள் கோடு இருக்க வேண்டும். திங்கட்கிழமை முதலாளியும் டாக்டரம்மாவும் நிற்கும்போது, "தம்பி சின்னதா ஒரு தப்பு பண்ணிட்டான், நான் சரி பண்ணிட்டேன்" என்று பெருந்தன்மையாகச் சொல்ல வேண்டும். அந்தப் பெருந்தன்மையை நான் மனதுக்குள் இரண்டு தடவை ஒத்திகைகூடப் பார்த்தேன்.

ஷெட்டில் வண்டிக்கு அடியில் நின்று வேலை செய்ய ஒரு பள்ளம் உண்டு. அதன்மேல் அன்று ஒரு வேன் நின்றது, சாவி யாரிடம் என்று தெரியவில்லை. சரி என்று சிட்டின் இடது முன் பக்கத்தை ஜாக்கியால் தூக்கினேன். வெள்ளைக் கோடுகளைத் தின்னர் தொட்ட துணியால் துடைத்தேன். போல்ட்டுகளைத் தளர்த்தினேன். வண்டி தாழ்வு, தரையில் நின்றால் கை நுழையாது. அதனால் டயருக்கு அடியில் இரண்டு தடித்த கட்டைகளைக் கொடுத்து அதன்மேல் இறக்கினேன். பிறகு கையை நுழைத்து, அளவு வந்ததும் 'டக்'கென்று சத்தம் கொடுக்கிற ரெஞ்சால் ஒவ்வொன்றாக இறுக்கினேன். மஞ்சள் கோடு போட்டேன். அழகாக வந்தது.

"மேஸ்திரி, இன்னும் போகலையா?" என்று முதலாளியின் குரல் கேட்டது. திடுக்கிட்டுப் போனேன். அவசரமாக ஜாக்கியால் மறுபடி தூக்கிக் கட்டையை உருவி, வண்டியை இறக்கி, ஜாக்கியை ஓரம் தள்ளினேன். வலது பக்கத்தைத் திங்கட்கிழமை காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று கிளம்பிவிட்டேன். அன்று ராத்திரி நன்றாகத் தூங்கினேன், அதையும் சொல்லிவிட வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சகலையும் மைத்துனியும் சாப்பிட வந்தார்கள். அவன் வாய் ஓயவில்லை.

"அண்ணே, நேத்து நீங்க இல்லாமப் போயிட்டீங்களே! மேல தூக்கி வச்சு எல்லா போல்ட்டையும் சும்மா லேசாத்தான் மாட்டினேன். அப்புறம் இறக்கி முன்னயும் பின்னயும் நாலஞ்சு தடவை உருட்டினேன், வண்டி நல்லா உக்காரட்டும்னு. பள்ளத்து மேல நிறுத்தி, டாக்டரம்மாவயே டிரைவர் சீட்ல உக்கார வச்சேன். பக்கத்து சீட்ல ரெண்டு மணல் மூட்டை. அவங்க புக் படிச்சுக்கிட்டு உக்காந்திருந்தாங்க, நான் கீழ இறங்கி இறுக்கினேன். 'நான் என்னப்பா, எடைக்கல்லா'ன்னு கேட்டு ஒரே சிரிப்பு. பில்லு ரெடியாகல, வண்டிய திங்கக்கிழமை எடுத்துக்கறேன்னு போனாங்க."

என் கை தட்டுக்கும் வாய்க்கும் நடுவில் நின்றுவிட்டது.

அவன் செய்ததுதான் சரி. அச்சுப் பிசகாமல் சரி. அதைவிட மோசம், 'உருட்டினேன்' என்று அவன் சொன்னபோதுதான் நான் உருட்டவில்லை என்பது என் மண்டையில் உறைத்தது. ஜாக்கியிலிருந்து இறக்கிய வண்டி உடனே தன் நிலைக்கு வராது. டயர் தரையைப் பிடித்துக்கொண்டு, வண்டி அரைகுறையாக உயர்ந்தே நிற்கும். நாலு அடி உருட்டினால்தான் சக்கரம் விரிந்து, வண்டி உட்காரும். கட்டைமேல் நின்ற வண்டியை எங்கே உருட்டுவது? அரைகுறையாகத் தொங்கிய நிலையிலேயே இறுக்கிவிட்டேன். என் கையால், என் கோட்டோடு.

"என்னங்க, பேயறைஞ்ச மாதிரி உக்காந்திருக்கீங்க?" என்றாள் மனைவி.

"பல் வலி" என்றேன்.

"பல் வலி எனக்குத்தாங்க" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள்.

திங்கட்கிழமை விடிந்ததும் ஓடினேன். நான் போவதற்குள் டாக்டரம்மா வந்து வண்டியை எடுத்துக்கொண்டு போயிருந்தார். சகலை வாசலிலேயே என்னைப் பிடித்துக்கொண்டான். அவன் கண்ணெல்லாம் ஒரே பளபளப்பு.

"அண்ணே, இடது பக்கம் மஞ்சக் கோடு பாத்தேன். நீங்க செக் பண்ணிட்டீங்களா?"

"ம்... சும்மா... பாத்தேன்."

"சொல்லவே இல்லையே! நேத்து நான் பாட்டுக்கு அளந்துக்கிட்டு இருந்தேன், நீங்க வாயத் தொறக்கலையே. டாக்டரம்மாகிட்டயும் சொல்லிட்டேன், 'அண்ணனே கோடு போட்டுட்டாரும்மா, இனி கவலையே இல்ல'ன்னு."

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். டாக்டரம்மாவுக்குப் போன் செய்து, வண்டியைத் திருப்பிக் கொண்டுவரச் சொல்லி, பத்து நிமிட வேலை. நான் சொல்லவில்லை. ஒரு விரல் அளவு வித்தியாசம் தெரியாமலே போய்விடலாம் என்று ஒரு மனசு. தெரிந்தால் தெரியட்டும், வேலை செய்தவன் அவன்தானே என்று இன்னொரு மனசு. இரண்டாவது மனசு சொன்னதுதான் எனக்கு இனித்தது. இதை எழுதும்போது கூசுகிறது, ஆனாலும் இனித்தது.

பத்தாம் நாள் டாக்டரம்மா திரும்பி வந்தார். இறங்கியதும், "தம்பி எங்க?" என்று கேட்டார். வண்டியின் இடது முன் பக்கம் ஒரு விரல் உயர்ந்து நின்றது. பார்த்த உடனே எனக்குத் தெரிந்தது. "இடது பக்கம் கட்டை மாதிரி இருக்குப்பா. சின்னக் குழியில விழுந்தாக்கூட கை வரைக்கும் அதிருது" என்றார்.

அன்று தொடங்கியது சகலையின் பாடு. டயர்களை மாற்றிப் போட்டுப் பார்த்தான். ஷாக் அப்சார்பரைக் கழற்றிக் கையால் அமுக்கிப் பார்த்தான். பிறகு இரண்டு பக்க ஸ்பிரிங்குகளையும் இடம் மாற்றிப் பார்க்கத் துணிந்தான். உள்பக்கப் போல்ட்டைக் கழற்றினால் ஸ்பிரிங் ஒரு மணி நேரத்தில் வந்துவிடும். அவன் அதைத் தொடாமல், வெளிப்பக்கமாக ஒவ்வொன்றாகப் பிரித்து, ஒன்றரை நாள் மல்லுக்கட்டினான். முழங்கை இரண்டும் தேய்ந்து சிவந்துவிட்டன.

எனக்கே பொறுக்கவில்லை. "உள் போல்ட்டைக் கழட்டினா சுலபமா இருக்குமே" என்றேன்.

அவன் நிமிர்ந்து என்னைப் பார்த்தான். "அது மஞ்சக் கோடு போட்டதுண்ணே. அதுல தப்பு இருக்காது. நான் எங்கயோ சொதப்பியிருக்கேன், அதத்தான் தேடறேன்."

இந்த ஆள் என்ன மனுஷன்! ஒரு சந்தேகம் வேண்டாமா? நாலு வார்த்தை சண்டை போட்டிருந்தால்கூட எனக்கு வசதியாக இருந்திருக்கும். இவ்வளவு நம்பிக்கையை வைத்துக்கொண்டு இவன் எப்படி நிம்மதியாகத் தூங்குகிறான் என்று அதற்கும் ஒரு பொறாமை வந்தது.

ஸ்பிரிங் மாற்றியும் அதே ஒரு விரல். மூன்றாம் நாள் முதலாளி பொறுமை இழந்தார். தாமே குனிந்து பார்த்துவிட்டு, "சட்டமே வளைஞ்சிருக்கு போல. லிஃப்டுல ஏத்தும்போது தப்பான இடத்துல தூக்கிட்டியா?" என்று கேட்டார்.

"இல்ல சார், சரியான இடத்துலதான்..."

"அப்ப எப்படிய்யா? பன்னெண்டு வருஷமா ஒழுங்கா இருந்த வண்டி. மேஸ்திரி கையில இருந்த வரைக்கும் ஒரு புகார் வந்ததா?"

பன்னிரண்டு வருடமாக நான் கேட்க ஏங்கிய வார்த்தை. எல்லோர் முன்னாலும் சொன்னார். நான் குனிந்து, ஏற்கெனவே துடைத்து வைத்த ஸ்பேனரை மறுபடி துடைத்தேன்.

வெளியூரில் சட்டம் நிமிர்த்துகிற பட்டறை ஒன்று இருந்தது. வியாழக்கிழமை காலை லாரி வந்து சிட்டை ஏற்றிக்கொண்டு போவது என்று முடிவாயிற்று. அங்கே என்ன செய்வார்கள் என்று எனக்குத் தெரியும். எஞ்சினை இறக்கி, சங்கிலி கட்டி இழுத்து, வெட்டி ஒட்டுவார்கள். நேராக இருக்கிற சட்டத்தை! சகலையை அந்த மாதத்தோடு நின்றுகொள்ளச் சொல்லிவிட்டார் முதலாளி. என்னைத் தனியே கூப்பிட்டு, "உங்க சொந்தம், வருத்தப்படாதீங்க" என்று வேறு சொன்னார்.

புதன் சாயங்காலம் மைத்துனி எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். மனைவியும் அவளும் அடுக்களையில் மெதுவாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் வந்தது தெரிந்ததும் மைத்துனி வெளியே வந்து, "அத்தான், அவரு ரெண்டு நாளா சரியாச் சாப்பிடறதில்ல. 'அண்ணன் பேரையும் சேத்துக் கெடுத்துட்டேனே'ன்னு அதையே சொல்லிக்கிட்டு இருக்காரு. நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க" என்றாள். நான் குளியலறைக்குள் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டுக்கொண்டு நின்றேன்.

வியாழக்கிழமை. லாரி வாசலில் நின்றது. டிரைவர் பலகையை இறக்கிக்கொண்டிருந்தார். டாக்டரம்மா ஒரு நாற்காலியில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சகலை சிட்டின் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, அதை லாரிப் பக்கம் தள்ளத் தயாராக நின்றான்.

"தள்ளாத" என்றேன். "சட்டம் வளையல. எதுவும் வளையல. இடது பக்கப் போல்ட்டு. அவன் சரியாத்தான் இறுக்கியிருந்தான். நான் கழட்டி மறுபடி இறுக்கினேன். தப்பா இறுக்கிட்டேன்."

முதலாளிக்கு முதலில் புரியவில்லை. "செக் பண்ணினீங்கன்னுதானே..."

"செக் பண்ணல சார். அவன் கோட்டை அழிச்சிட்டு என் கோட்டைப் போட்டேன். அவன் தப்பு பண்ணியிருப்பான்னு நெனச்சேன். பண்ணியிருக்கணும்னு ஆசைப்பட்டேன்."

டாக்டரம்மா எழுந்து வந்தார். கண் டாக்டர் அல்லவா, கண்ணைத்தான் பார்த்தார். "ஏன் மேஸ்திரி?"

"பொறாமைம்மா" என்றேன். வேறு என்ன சொல்வது? "நீங்க வந்து என்னைக் கேக்கறத விட்டுட்டீங்க."

லாரி டிரைவர் பலகையைப் பிடித்தபடி எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். சகலை மட்டும் அசையாமல் நின்றான். அடிப்பான் என்று நினைத்தேன். அடித்தால் வாங்கிக்கொள்ளலாம் என்றும் நினைத்தேன். அவன் ஒன்றே ஒன்றைத்தான் கேட்டான்.

"உருட்டலையா?"

"உருட்டல."

அவன் தலையை ஆட்டினான். மூன்று நாள் தேடியது கிடைத்துவிட்ட ஆட்டம் அது, அவ்வளவுதான்.

லாரியை அனுப்பிவிட்டோம். சிட்டைப் பள்ளத்தின்மேல் நிறுத்தினோம். அவன் இறங்கி இடது பக்கப் போல்ட்டுகளைத் தளர்த்தினான். கடைசிப் போல்ட் தளர்ந்ததும் வண்டி தானாகவே பெருமூச்சு விட்ட மாதிரி கீழே உட்கார்ந்தது. ரப்பர் கிழியவில்லை என்று டார்ச் அடித்துப் பார்த்துச் சொன்னான். முதலாளியும் நானும் வண்டியை முன்னும் பின்னும் உருட்டினோம். டாக்டரம்மா சீட்டில் ஏறி உட்கார்ந்தார், இந்தத் தடவை புத்தகம் இல்லை. நான் மணல் மூட்டைகளைத் தூக்கி வைத்தேன். அவன் இறுக்கினான், வெள்ளைக் கோடு போட்டான். நாடா வைத்து இரண்டு பக்கமும் அளந்தபோது ஒரு நூல்கூட வித்தியாசம் இல்லை. "நீ எங்கயும் போக வேண்டாம்ப்பா" என்று முதலாளி அவன் தோளைத் தட்டினார்.

அதோடு முடிந்தது என்று நினைத்தேன். டாக்டரம்மா சாவிக்குக் கை நீட்டினார்.

"இன்னும் அரை மணி நேரம் உக்காருங்கம்மா" என்றான் சகலை.

"இன்னும் என்னப்பா?"

"இந்த வண்டியில மஞ்சக் கோடு நெறைய இருக்கு. எல்லாத்தையும் ஒரு தடவை பாத்துடறேன்."

கோபமாகச் சொல்லவில்லை. வேலையைப் பற்றிப் பேசுகிற குரலில்தான் சொன்னான். டாக்டரம்மா என் பக்கம் திரும்பாமல், "பாத்துடுங்க" என்றார்.

அவன் ரெஞ்சை எடுத்துக்கொண்டு மறுபடி பள்ளத்தில் இறங்கினான். வெளிச்சம் போதவில்லை. யாரும் சொல்லாமலே நான் விளக்கை எடுத்துக்கொண்டு அவன் பின்னால் இறங்கினேன், அவனும் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஸ்டியரிங் போல்ட் இரண்டு. டக். டக். பிரேக் போல்ட் நாலு. அளவு பார்த்து ரெஞ்சைத் திருப்பி வைப்பான், இழுப்பான், உடனே டக் என்று சத்தம் வரும், அடுத்ததற்குப் போவான். பன்னிரண்டு வருடத்து வேலை. சில கோடுகள் எண்ணெய் படிந்து பழுப்பாகியிருந்தன, அவற்றை விரலால் துடைத்துத் தேடிக் கண்டுபிடித்தான். பத்துப் போல்ட் பார்த்ததும் போதும் என்பான் என்று எதிர்பார்த்தேன். இருபதிலும் எதிர்பார்த்தேன். அப்போதும் பாருங்கள், அந்தக் கை எவ்வளவு சுத்தமாக வேலை செய்கிறது என்று என் வயிறு எரியத்தான் செய்தது. விளக்கை எங்கே காட்ட வேண்டும் என்று அவன் வாயால் சொல்லவில்லை. என் மணிக்கட்டைப் பிடித்து நகர்த்தினான்.

மொத்தம் நாற்பத்தொரு போல்ட். நான் எண்ணிக்கொண்டே வந்தேன். ஒன்றுகூட இம்மியளவு நகரவில்லை.

அவன் மேலே ஏறி, கையைத் துடைத்துக்கொண்டு, "எல்லாம் சரியா இருக்கு" என்று டாக்டரம்மாவிடம் சொன்னான். என்னிடம் சொல்லவில்லை.